அட்வான்ஸ் கொடுத்த பிறகு வரும் கடிதங்கள்

இந்த வாரம் வந்த கடிதங்களில் வீடு, மனை வாங்குவது பற்றியவற்றை மட்டும் தனியே எடுத்து வைத்தேன். பாதிக்கு மேல் ஒரே மாதிரிதான் ஆரம்பிக்கின்றன: "மேடம், போன மாதம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன், இப்போதுதான் தெரிகிறது..." அந்தக் 'கொடுத்துவிட்டேன்' என்ற சொல்லைப் படித்ததுமே எனக்கு மனசு கனத்துப் போகிறது. பணம் கைமாறிவிட்டால் பத்திரத்தைப் படிக்கிற நம் கண்ணே மாறிவிடும். குறை கண்ணில் பட்டாலும் "அதெல்லாம் சரியாயிடும்" என்று நமக்கு நாமே சமாதானம் சொல்லிக்கொள்வோம். அதனால் இந்த முறை சில கேள்விகளுக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் எழுதுகிறேன். வாசகர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: 4 சென்ட்டில் பழைய ஓட்டு வீடு ஒன்று விலைக்கு வருகிறது. விற்பவரின் அப்பா தன் சம்பாத்தியத்தில் 1974-ல் வாங்கியது. அவர் உயில் எழுதாமல் 2003-ல் காலமாகிவிட்டார். பட்டா மகன் பெயருக்கு மாறியிருக்கிறது. 30 வருட வில்லங்கமும் போட்டுப் பார்த்தேன், சுத்தமாக இருக்கிறது. விற்பவருக்கு இரண்டு தங்கைகள், ஒருவருக்கு 1986-ல் கல்யாணம், இன்னொருவருக்கு 1992-ல். "பெரிய தங்கச்சிக்கு 89-க்கு முன்னாடியே கல்யாணம் ஆயிடுச்சு, பங்கு கிடையாது; சின்னவங்க நகை வாங்கிக்கிட்டாங்க" என்கிறார் புரோக்கர். வாங்கலாமா? — வாசகர், கும்பகோணம்

பதில்: இப்போதைக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

புரோக்கர் சொல்வது அரைகுறைச் சட்டம். 1989 மார்ச் 25 என்ற தேதி நிஜம்தான். அன்று முதல் தமிழ்நாட்டில் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பிறப்புரிமை வந்தது, அந்தத் தேதிக்கு முன் திருமணமான பெண்களை அந்தத் திருத்தம் விட்டுவிட்டது. பிறகு 2005-ல் மத்தியச் சட்டமே திருத்தப்பட்டது. 2020 ஆகஸ்ட் 11-ல் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றமும் மகளின் உரிமை பிறப்பால் வருவது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் உங்கள் விஷயத்தில் இவ்வளவு தூரம் போகவே வேண்டாம், ஏனென்றால் இந்த வீடு பூர்வீகச் சொத்தே கிடையாது. அப்பா சம்பாதித்து வாங்கிய சொத்துக்கு 1956-ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8-வது பிரிவுதான் பொருந்தும். உயில் எழுதாமல் அவர் இறந்த அன்றே மனைவி, மகன், மகள்கள், இறந்தவரைப் பெற்ற தாய் என்று எல்லோருக்கும் சமபங்கு போய்விட்டது. கல்யாணம் எந்த வருடம் நடந்தது என்று இந்தச் சட்டம் கேட்பதே இல்லை. நகை என்பது சீர், அதை வாங்கிக்கொண்டதால் சொத்துப் பங்கு போய்விடாது. பங்கை விட்டுக்கொடுக்க வேண்டுமென்றால் பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும்.

'இறந்தவரைப் பெற்ற தாய்' என்று எழுதினேன் பாருங்கள், அங்கேதான் அனுபவசாலிகள்கூடச் சறுக்குகிறார்கள். 2003-ல் அந்த அப்பா இறந்தபோது பாட்டி உயிரோடு இருந்தாரா என்று விசாரியுங்கள். பாட்டியும் அம்மாவும் இருந்திருந்தால் மொத்தம் ஐந்து பங்கு, அதில் ஒன்று பாட்டிக்கு. அந்தப் பாட்டி 2008-லோ 2010-லோ காலமாகியிருந்தால் அவருடைய ஐந்தில் ஒரு பங்கு அவர் பெற்ற பிள்ளைகள் எல்லோருக்கும் போகும், அதாவது விற்பவரின் சித்தப்பா, அத்தை வரைக்கும். அத்தை எங்கோ திருப்பூரில் இருப்பார், இப்படி ஒரு பங்கு தனக்கு இருப்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் அவருடைய பேரன் ஒருநாள் வக்கீலைப் பார்ப்பான்.

சரி, வில்லங்கம் சுத்தமாக இருக்கிறதே என்பீர்கள். வில்லங்கச் சான்று, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவானதைத்தான் காட்டும். சாவு அதில் வராது, வாரிசு யார் என்பது வராது, பதிவாகாத உயில் வராது, உரிமையியல் நீதிமன்றத்தில் ஓடுகிற பாகப்பிரிவினை வழக்கும் பெரும்பாலும் வராது. பட்டாவும் அப்படித்தான். அது வருவாய்த் துறையின் கணக்கு, அதை வைத்து மட்டும் ஒருவருக்கு உரிமை வந்துவிடாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன.

அப்பாவுக்கும், பாட்டி பிறகு இறந்திருந்தால் அவருக்கும், தனித்தனியாக இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் கேளுங்கள். வாரிசுகள் எல்லோரும் ஒரே கிரயப் பத்திரத்தில் விற்பவர்களாகக் கையெழுத்துப் போடட்டும். வாரிசுகளில் யாராவது இறந்து, அவருடைய பங்கு மைனர் பிள்ளைக்கு வந்திருந்தால் நீதிமன்ற அனுமதி வாங்காமல் தொடாதீர்கள். அந்தப் பிள்ளைக்கு 18 வயது நிறைந்து 3 வருடத்துக்குள் விற்பனையை ரத்து செய்யச் சொல்லி வழக்குப் போடச் சட்டத்தில் இடம் உண்டு. (நான் சொன்னதெல்லாம் இந்துக் குடும்பங்களுக்கு. கிறிஸ்தவர்களுக்கும் இஸ்லாமியர்களுக்கும் பங்கு கணக்கு வேறு.)

கேள்வி: வங்கியே லீகல் பார்த்து லோன் கொடுக்கிறது. அப்படியிருக்க நான் தனியாக வக்கீல் வைத்து, பணம் செலவழித்துப் பழைய பத்திரங்களை எல்லாம் படிக்க வைக்க வேண்டுமா? — வாசகி, மன்னார்குடி

பதில்: வேண்டும். வங்கியின் வக்கீல் வங்கிக்காகப் பார்க்கிறார். கொடுத்த கடன் திரும்பி வருமா என்பதுதான் அங்கே கவலை. அந்த வீட்டில் முப்பது வருடம் குடியிருக்கப் போவது நீங்கள்.

உங்கள் பக்கத்து ஊரிலேயே நடந்ததைச் சொல்கிறேன். பள்ளி ஆசிரியர் ஒருவர் 6 சென்ட் மனைக்கு 3 லட்சம் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு, சும்மா ஒரு பார்வை பார்த்துச் சொல்லுங்கள் என்று பத்திரக் கட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். மூன்று பத்திரங்கள். 1998 பத்திரத்தின் நான்குமாலில் (நான்கு எல்லை விவரத்தில்) "பாதைக்கும் கிழக்கு" என்று இருந்தது. அதற்கு முந்தைய 1979 பத்திரத்தில் "வாய்க்கால் பாதைக்கும் கிழக்கு". 1961 பத்திரம் மடிப்பில் கிழிந்து, எழுத்து பழுப்பேறிக் கிடந்தது. விளக்கடியில் பிடித்துப் படித்தால் "கன்னி வாய்க்காலுக்கும் கிழக்கு" என்று மட்டும் இருந்தது, பாதை என்ற பேச்சே இல்லை. மூன்று பத்திரத்தில், நாற்பது வருடத்தில், ஒரு வாய்க்கால் பாதையாகிவிட்டது.

மறுநாள் இடத்துக்குப் போனோம். கிராவல் கொட்டி நிரவிய பத்தடிப் பாதை, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அதன் முனையில் புல்லுக்குள் ஒரு சிமெண்ட் குழாயின் வாய் மட்டும் தெரிந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் கேட்டேன். "இது வாய்க்காதானே தாயி, அடைமழை பெஞ்சா தண்ணி இதுலதான் வரும்" என்றார். புல வரைபடத்தை எடுத்துப் பார்த்தோம். அங்கே அதற்குத் தனி சர்வே எண், வகைப்பாடு வாய்க்கால் புறம்போக்கு. அந்த மனைக்குப் போக வேறு வழியும் கிடையாது. நாளைக்கே ஆக்கிரமிப்பு என்று வாய்க்காலைத் தோண்டினால் வீட்டுக்குள் போக நீந்த வேண்டும்.

அந்த ஆசிரியர் அப்போது சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை. "பக்கத்து வீட்டுக்காரங்க எல்லாம் அதுலதானே மேடம் போறாங்க?" என்றார். படித்தவர், கணக்கு வாத்தியார். அட்வான்ஸ் கொடுக்காமல் வந்திருந்தால் அவரே எனக்கு முன்னால் எழுந்து போயிருப்பார். கடைசியில் வாங்கவில்லை. அட்வான்ஸில் ஒரு பகுதிதான் திரும்பக் கிடைத்தது.

நான்குமால் படிப்பது, புல வரைபடத்தோடு ஒப்பிடுவது, அ-பதிவேட்டில் (வருவாய்த் துறையின் நிலப் பதிவேடு) வகைப்பாடு பார்ப்பது, நேரில் போய் அக்கம்பக்கத்தில் நாலு பேரிடம் பேசுவது எல்லாம் சேர்ந்தால்தான் லீகல். வில்லங்கமும் பட்டாவும் இணையத்திலேயே கிடைக்கின்றன. ஆனால் கணினி வில்லங்கம் பல இடங்களில் 1975-ஐ ஒட்டித்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தையதற்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டுப் பழைய புத்தகங்களில் தேடச் சொல்ல வேண்டும். அந்தத் தேடலுக்குப் பலர் அலுத்துக்கொள்கிறார்கள், 1961 பத்திரம் போன்றவை அங்கேதான் இருக்கின்றன.

கேள்வி: மனையின் ஓனர் சிங்கப்பூரில் இருக்கிறார். 2015-ல் தன் மச்சானுக்குப் பவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். மச்சான்தான் விற்கிறார். பவர் பதிவாகியிருக்கிறது. பயப்பட வேண்டுமா? — வாசகர், புதுக்கோட்டை

பதில்: பயப்பட வேண்டாம், ஆனால் ஓனரோடு பேசாமல் முடிக்கக் கூடாது. பவர் ஏஜென்ட் வேலைக்காரர் மாதிரி, முதலாளி சொன்ன வரைக்கும்தான் அவர் கை நீளும். முதலாளி இறந்துவிட்டால் பவரும் அன்றோடு செத்துவிடும். பத்து வருடப் பழைய பவர் என்கிறீர்கள், இந்தப் பத்து வருடத்தில் ஓனர் உயிரோடு இருக்கிறாரா, பவரை ரத்து செய்தாரா, அவருக்கும் மச்சானுக்கும் பேச்சுவார்த்தை இருக்கிறதா, எதுவும் உங்களுக்குத் தெரியாது. பதிவின்போது ஓனரின் வாழ்வுச் சான்றைக் கேட்பார்கள். ஆனால் அதுவரை காத்திருக்காதீர்கள். வீடியோ காலில் ஓனரிடம் நேரடியாகப் பேசுங்கள். என்ன விலை என்று மச்சான் சொல்வதை ஓனரிடமும் சொல்லுங்கள். அந்த எண்ணைக் கேட்டதும் ஓனரின் முகம் எப்படி மாறுகிறது என்பதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

பணம் ஓனரின் வங்கிக் கணக்குக்குத்தான் போக வேண்டும், மச்சான் கணக்குக்கு வேண்டாம். பவர் சிங்கப்பூரிலேயே எழுதப்பட்டதா என்றும் பாருங்கள். அப்படியென்றால் அங்கே இந்தியத் தூதரகத்தில் அத்தாட்சி பெற்று, இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்டியிருக்க வேண்டும்.

இன்னொன்று, ரொம்பப் பேர் தவறவிடுவது. உள்ளூர்க்காரரிடம் 50 லட்சமோ அதற்கு மேலோ கொடுத்து வாங்கினால் 1% டிடிஎஸ் பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் இந்த 50 லட்ச வரம்பும் கிடையாது, 1% கணக்கும் கிடையாது. பிடிக்க வேண்டிய தொகை அதைவிட ரொம்ப அதிகமாகிவிடும். பிடிக்காமல் விட்டால் அந்த வரியை உங்களிடம்தான் கேட்பார்கள். பத்திரத்துக்கு நாள் குறிக்கும் முன் ஆடிட்டரைப் பாருங்கள்.

"பவரும் அக்ரிமெண்டும் இருந்தால் போதும், கிரயம் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று யாராவது சொன்னால், 2011-லேயே உச்ச நீதிமன்றம் சூரஜ் லேம்ப் வழக்கில் பவர் மூலம் சொத்து கைமாறாது என்று சொல்லிவிட்டதை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

கேள்வி: கிரயம் பதிந்து ஒரு வருடம் ஆகிறது. பட்டா இன்னும் பழைய ஓனர் பெயரிலேயே இருக்கிறது. அவசரமில்லை என்று விட்டுவிட்டேன். — வாசகர், சேலம்

பதில்: விடாதீர்கள். முழு சர்வே எண்ணும் நீங்களே வாங்கியிருந்தால் பதிவானதும் தானாகவே பட்டா மாற வேண்டும். மாறவில்லை என்றால் எங்கோ ஒரு எழுத்துப் பிழையோ உட்பிரிவுச் சிக்கலோ இருக்கிறது. உட்பிரிவு செய்ய வேண்டியிருந்தால் சர்வேயர் வந்து அளக்க வேண்டும், அதற்குத் தனியாக மனு. பழைய ஓனர் பெயரில் பட்டா கிடக்கும் ஒவ்வொரு நாளும் அவர் அதைக் காட்டி இன்னொருவரிடம் அட்வான்ஸ் வாங்க வாய்ப்பு இருக்கிறது.

கேள்வி: 42 லட்சத்துக்கு வீடு பேசி, 5 லட்சம் அட்வான்ஸ் கொடுத்து, 20 ரூபாய் பத்திரத்தில் அக்ரிமெண்ட் எழுதினோம். பதிவு செய்யவில்லை. இப்போது விலை ஏறிவிட்டது என்று விற்பவர் மறுக்கிறார். "பதிவு பண்ணாத அக்ரிமெண்ட் செல்லாது, போய் வேலையைப் பாரு" என்கிறார். — வாசகர், ஓசூர்

பதில்: அவர் சொல்வது போல அவ்வளவு சுலபம் இல்லை. 2012 டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டில் கிரைய ஒப்பந்தத்தைக் கட்டாயம் பதிய வேண்டும் என்பது சரி. ஆனால் பதியாத ஒப்பந்தத்தையும், கிரயம் செய்து தரச் சொல்லிப் போடும் வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஹேமலதா வழக்கில் சொல்லியிருக்கிறது. அதுவும் தமிழ்நாட்டு வழக்குதான். எனவே கதவு மூடிவிடவில்லை.

ஆனால் நீங்கள் நிரூபிக்க வேண்டியது ஒன்று உண்டு. மீதி 37 லட்சத்தைக் கொடுக்க நீங்கள் எப்போதும் தயாராக இருந்தீர்களா? வங்கி இருப்பு, லோன் அனுமதிக் கடிதம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். கிரயம் முடிக்கக் கெடு தேதி எழுதியிருந்தால் அந்தத் தேதியிலிருந்து 3 வருடம், கெடு எழுதவில்லை என்றால் அவர் மறுத்தது உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து 3 வருடம். அதற்குள் வழக்குப் போட வேண்டும். மூன்று வருடம் இருக்கிறதே என்று உட்கார்ந்துவிடாதீர்கள், தாமதத்தையே உங்களுக்கு எதிராகப் பேசுவார்கள். இந்த வாரமே வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். அந்த 5 லட்சத்தை வங்கி மூலம் கொடுத்தீர்களா, ரொக்கமாகவா என்று நீங்கள் எழுதவில்லை. அடுத்த கேள்விக்கான பதிலைப் படியுங்கள்.

கேள்வி: 80 லட்ச ரூபாய் வீட்டுக்கு 50 லட்சம் என்று பத்திரம் போடலாம், மீதி 30 லட்சம் ரொக்கமாகக் கொடுங்கள் என்கிறார் விற்பவர். அரசின் வழிகாட்டி மதிப்பு 50 லட்சம்தான் வருகிறது. எனக்கும் பத்திரச் செலவு மிச்சம்தானே? — வாசகர், கோவை

பதில்: மிச்சத்தைக் கணக்குப் போட்டே பார்ப்போம். முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, ஆக 9%. 30 லட்சத்துக்கு 2 லட்சத்து 70 ஆயிரம் மிச்சம். நாளைக்கு நீங்கள் அந்த வீட்டை முறையாக விற்கும்போது, வாங்கிய விலை 50 லட்சம் என்றுதான் உங்களால் காட்ட முடியும். அந்த 30 லட்சமும் உங்கள் லாபமாகக் கணக்காகி, இன்றைய 12.5% மூலதன ஆதாய வரியில் 3 லட்சத்து 75 ஆயிரம் போகும். விற்பவர் தப்பிக்கிற வரியை நீங்கள் சுமக்கிறீர்கள், அவ்வளவுதான்.

அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. சொத்தில் பின்னால் ஏதாவது வில்லங்கம் கிளம்பி, விற்பவர் பணத்தைத் திருப்பித் தர வேண்டி வந்தால், பத்திரத்தில் இருக்கிற 50 லட்சத்தைத்தான் கேட்க முடியும். 30 லட்சம் கொடுத்ததற்கு ஒரு துண்டுச் சீட்டு இருக்காது. வங்கியும் பத்திரத் தொகையை வைத்துத்தான் கடன் கொடுக்கும். சொத்து பரிவர்த்தனையில் 20 ஆயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதே சட்டப்படி தவறு, வாங்கியவருக்கு வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் வரும். உழைத்துச் சேர்த்த 30 லட்சத்தை இப்படி இருட்டில் கைமாற்றாதீர்கள். முழு வெள்ளையில் விற்கச் சம்மதிக்காதவரிடம் வீடு வாங்காதீர்கள். கோவையில் வேறு வீடு கிடைக்கும்.

கேள்வி: புது அபார்ட்மெண்ட், 65 லட்சம். புக்கிங் சலுகை என்று 20 லட்சம் உடனே கட்டச் சொல்கிறார்கள். அக்ரிமெண்ட் அடுத்த மாதம் போட்டுக்கொள்ளலாம் என்கிறார்கள். — வாசகி, தாம்பரம்

பதில்: பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டமே சொல்கிறது. உங்கள் கணக்கில் அது ஆறரை லட்சம். 20 லட்சம் கேட்பதே விதிமீறல், இதை அவர்களிடம் நேராகவே சொல்லுங்கள். நிலம் 500 சதுர மீட்டருக்கு மேலோ, வீடுகள் எட்டுக்கு மேலோ இருந்தால் ரெரா பதிவு கட்டாயம். தமிழ்நாடு ரெரா தளத்தில் பதிவு எண்ணைப் போட்டுப் பாருங்கள். கட்டி முடிக்க ஒப்புக்கொண்ட தேதி, அனுமதி பெற்ற வரைபடம், எத்தனை மாடி, எல்லாம் அங்கே இருக்கும். விளம்பரத்தில் ஆறு மாடி, அனுமதியில் ஐந்து மாடி என்று இருந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள்.

பிரிபடாத நிலப் பங்கு உங்களுக்கு எத்தனை சதுர அடி என்று கேளுங்கள். கட்டடம் தேய்ந்துகொண்டே போகும், ஐம்பது வருடம் கழித்து உங்கள் பிள்ளைகளிடம் மிஞ்சுவது அந்த நிலம்தான். எல்லா வீடுகளின் பங்கையும் கூட்டினால் மொத்த நிலம் வருகிறதா என்று ஒருமுறை கூட்டிப் பாருங்கள். பில்டர் தன் பெயரில் கொஞ்சம் நிறுத்தி வைத்துக்கொள்வது உண்டு.

பதிவுச் செலவில் ஒரு நல்ல செய்தி. 2023 டிசம்பரிலிருந்து புது அபார்ட்மெண்ட் முதல் விற்பனையில் நிலம், கட்டடம் இரண்டையும் சேர்த்து ஒரே கிரயப் பத்திரமாகப் பதிகிறார்கள். 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரைக்கும் தீர்வை 5%, பதிவுக் கட்டணம் 2%. ஒப்படைத்த 5 வருடத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் பில்டர் தன் செலவில் சரி செய்து தர வேண்டும் என்பதையும் மனதில் வையுங்கள்.

கேள்வி: 2012-ல் உத்திரமேரூர் பக்கம் "பஞ்சாயத்து அப்ரூவல்" மனை வாங்கினேன். இப்போது வீடு கட்ட லோன் கேட்டால் வங்கி மறுக்கிறது. — வாசகர், காஞ்சிபுரம்

பதில்: பஞ்சாயத்துத் தலைவருக்கு மனைப்பிரிவை அங்கீகரிக்கும் அதிகாரமே கிடையாது. அந்த ரப்பர் ஸ்டாம்பை நம்பி ஏமாந்தவர்கள் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள், நீங்கள் தனி ஆள் இல்லை. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியத் தடை போட்ட பிறகுதான் பலருக்கு விஷயமே தெரிந்தது. அதற்கப்புறம் 2017-ல் அவற்றை முறைப்படுத்தும் வரன்முறை விதிகள் வந்தன. 2016 அக்டோபர் 20-க்கு முன் பதிவான மனைகளை வரன்முறை செய்ய அதில் வழி உண்டு, உங்கள் 2012 பத்திரம் அதற்குள் வருகிறது. டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அலுவலகத்தில் உங்கள் மனைப்பிரிவுக்கு யாராவது ஏற்கெனவே விண்ணப்பித்திருக்கிறார்களா, தனி மனைக்கு இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று கேளுங்கள். வரன்முறை ஆணை கையில் வந்தால்தான் கட்டட அனுமதியும் லோனும். உங்கள் மனை, வரைபடத்தில் பூங்கா என்று காட்டிய இடத்தில் விழவில்லையே என்பதையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஒரு ஏக்கர் நிலம், சுற்றுவட்டார விலையில் பாதிக்கு வருகிறது. "டி.சி. நிலம், பரவாயில்லை, பட்டா வாங்கித் தருகிறேன்" என்கிறார் இடைத்தரகர். டி.சி. என்றால் என்ன? — வாசகர், விழுப்புரம்

பதில்: 'டிப்ரஸ்டு கிளாஸ்' (ஒடுக்கப்பட்ட வகுப்பு) என்பதன் சுருக்கம், அதாவது பஞ்சமி நிலம். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரமென்ஹீர், நிலமே இல்லாத தலித் மக்களின் நிலையைப் பற்றி 1891-ல் அரசுக்கு அறிக்கை அனுப்பினார். அதையொட்டி 1892 முதல் சென்னை மாகாணத்தில் சுமார் 12 லட்சம் ஏக்கர் அவர்களுக்கு ஒப்படைக்கப்பட்டது. முதல் பத்து வருடம் யாருக்கும் விற்கக் கூடாது, அதற்குப் பிறகும் அந்தச் சமூகத்தாருக்கே விற்க வேண்டும் என்பது நிபந்தனை. வேறு யார் வாங்கினாலும் அந்த விற்பனை செல்லாது. அரசு நிலத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், நஷ்டஈடும் கிடையாது. எத்தனை கை மாறியிருந்தாலும், பட்டாவே உங்கள் பெயருக்கு வந்தாலும் இதுதான் நிலை.

நீங்கள் பட்டியல் சமூகத்தவர் என்றால் தாசில்தார் அலுவலகத்தில் ஒப்படைப்பு ஆவணத்தையும் நிபந்தனையையும் எழுத்தில் வாங்கிப் பார்த்துவிட்டு மேலே பேசுங்கள். இல்லையென்றால் விட்டுவிடுங்கள். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை, அந்த நிலம் யாருக்கென்று கொடுக்கப்பட்டதோ அவர்கள் பிள்ளைகள் அதே ஊரில் இன்னும் கூலிக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

கேள்வி: விற்பவர் வீட்டுக் கடனை இரண்டு மாதம் முன்பே அடைத்துவிட்டாராம். வில்லங்கத்தில் எம்.ஓ.டி. பதிவு (பத்திரத்தை வங்கியில் அடமானமாக வைத்த பதிவு) இன்னும் இருக்கிறது. அசல் பத்திரமும் வங்கியிலிருந்து வரவில்லை என்கிறார். — வாசகி, திருச்சி

பதில்: கடன் முழுதும் அடைத்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வங்கி தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைப்படுத்தியிருக்கிறது. விற்பவர் இதைச் சொல்லி வங்கியில் எழுத்தில் கேட்கட்டும். அப்படிக் கேட்கத் தயங்கினால் கடன் அடைந்ததா என்பதையே சந்தேகப்படுங்கள். அசல் கைக்கு வந்து, கடன் தீர்ந்தது என்று வங்கி ரசீதுப் பத்திரம் எழுதிப் பதிவாகி, அது வில்லங்கத்திலும் ஏறிய பிறகு பணத்தைப் பற்றிப் பேசுங்கள்.

கேள்வி: எல்லாம் பேசி முடித்தாயிற்று. "ஆடி போகட்டும், ஆவணியில் பதியலாம்" என்கிறார் என் அம்மா. விற்பவர் இந்த வாரமே அட்வான்ஸ் கேட்டு அவசரப்படுத்துகிறார். மூலப்பத்திரம் 1962-ஐச் சேர்ந்தது, ஜெராக்ஸ் மட்டும் கொடுத்திருக்கிறார். — வாசகர், மதுரை

பதில்: அம்மா சொல்வதைக் கேளுங்கள். அந்த ஒரு மாதம் உங்களுக்குக் கிடைத்த நல்ல நேரம். நாளைக்கே சார்பதிவாளர் அலுவலகத்தில் 1962 பத்திரத்தின் சான்றிட்ட நகலுக்கு மனுப் போடுங்கள். நகல் வந்ததும் ஜெராக்ஸோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள், அளவையும் நான்குமாலையும் விரல் வைத்துப் படியுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்வேயரோடு போய்க் கல் எங்கே நிற்கிறது என்று பார்த்து, பக்கத்து வீடுகளில் ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள். பதிவன்று காலையில் கிளம்பும் முன் வில்லங்கத்தை இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள், முந்தின நாள் மாலை வரைக்கும் போட்டது.